அக்கா குளித்த பழுப்புத் தண்ணீர்

எங்கள் வீட்டுச் சுடுதண்ணீர் பழுப்பாக வரத் தொடங்கியபோது வீட்டில் மூன்று பேர் இருந்தோம். நான், என் அக்கா, என் மருமகள். மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. எப்போதாவது ஒரு வாரக் கடைசிக்கு வருவான், சாப்பிடுவான், தூங்குவான், போய்விடுவான். அவனைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

தண்ணீர் ஏன் அப்படி வருகிறது என்று நான்தான் கண்டுபிடித்தேன். யாரையும் கேட்காமல், ஒழுங்காகச் சோதித்துக் கண்டுபிடித்தேன். அதே மாதங்களில் என் அக்காவின் கர்ப்பப்பையில் புற்று வளர்ந்துகொண்டிருந்தது. அவளுக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. துணியில் படும் கறையை மறைக்க அந்தப் பழுப்புத் தண்ணீர் அவளுக்குத் துணையாக இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்து வைத்திருந்து சொல்லும் கதை இல்லை இது. அந்த விளையாட்டுக்கெல்லாம் எனக்குப் பொறுமையும் இல்லை.

நான் மலேசியாவில், ரந்தாவ் பக்கத்தில், ஒரு தோட்டத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பார்த்தவன். பாய்லருக்குப் போகும் தண்ணீர் சரியில்லை என்றால் உள்ளே இரும்பு அரித்துவிடும். அதனால் தினமும் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது என் வேலையில் பாதி. நிறத்தைப் பார்த்தே இது துரு, இது சேறு, இது எண்ணெய் என்று சொல்லிவிடுவேன். மேனேஜரோ வேலையாட்களை மேய்க்கும் மண்டோரோ தண்ணீர் விஷயத்தில் என்னிடம் வாய் கொடுக்கமாட்டார்கள். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று தோட்டம் முழுக்கப் பேர் இருந்தது. அது பொய்யான பேர் இல்லை.

அந்தக் கோபத்துக்கு அசராதவள் அக்கா ஒருத்திதான். அம்மா செத்தபோது நான் கைக்குழந்தை. அக்காதான் என்னை வளர்த்தாள். முதலில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினாள், பிறகு செம்பனைக்கடியில் உதிரிப் பழம் பொறுக்கினாள், கல்யாணம் என்ற பேச்சு வந்தபோதெல்லாம் 'இவனை யாரு பாத்துக்குவா' என்று தட்டிக் கழித்தாள். அந்த இவன் நான்தான். தோட்டம் கைமாறி லைன் வீடுகளை இடித்தபோது மம்பாவில் ஒரு வரிசை வீடு வாங்கினேன். என் மனைவி இறந்த பிறகு அக்கா என்னோடு வந்துவிட்டாள். நான் அவளைக் கூட்டி வந்தேனா, அவள் எனக்காக வந்தாளா என்பதில் எங்களுக்குள் சண்டை கடைசிவரை தீரவில்லை.

அந்த வீட்டை முன்பு வைத்திருந்தவர் குளியலறைக்கு மேலே, கூரைக்கடியில், பெரிய சுடுதண்ணீர்த் தொட்டி ஒன்று வைத்துவிட்டுப் போயிருந்தார். சுவிட்சைப் போட்டால் தொட்டி நிறையத் தண்ணீர் காய்ந்துவிடும். குளியலறைக்கும் சமையலறைக்கும் அதிலிருந்துதான் குழாய். அக்காவுக்கு அது பெரிய சுகம். விடியும் முன் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஓட வேண்டும் என்பதற்காக வாழ்நாளெல்லாம் பச்சைத் தண்ணீரை மேலுக்கு ஊற்றிக்கொண்டவள் அவள். இங்கே வந்த பிறகு குளியலறைக்குள் போனால் லேசில் வெளியே வரமாட்டாள். கதவைத் தட்டினால் உள்ளிருந்து சிரிப்பாள்.

முதலில் குறை சொன்னவள் மருமகள். செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். வெள்ளைச் சட்டைதான் அங்கே யூனிஃபார்ம்.

"மாமா, சுடுதண்ணி மஞ்சளா வருது. இதுல ஊற வெச்சு என் வெள்ளை பாஜு நாசமா போச்சு. பாருங்க."

சமையலறையிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "மஞ்சளா வந்தா என்ன லா? தோட்டத்துல பைப்பு வாயில துணியைக் கட்டிட்டுத்தான தண்ணி புடிச்சோம். செத்தா போயிட்டோம்?"

"அது தோட்டம், அத்தை. இங்க தண்ணி பில் கட்டுறோம்."

எனக்குக் குஷி வந்துவிட்டது. ஆலையை விட்டு வந்த பிறகு என்னிடம் யாரும் தண்ணீரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டதில்லை. வெள்ளை வாளி ஒன்றை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் புகுந்தேன்.

பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தேன். வாளியின் அடி பளிச்சென்று தெரிந்தது. ஆக, தெருவிலிருந்து வரும் தண்ணீரில் குற்றமில்லை. அதைக் கொட்டிவிட்டுச் சுடுதண்ணீரைத் திறந்தேன். நீர்த்த தேநீர் மாதிரி வந்தது. குழாய்க்குள் துரு பிடித்திருந்தால் முதலில் வரும் தண்ணீர்தான் பழுப்பாக இருக்கும், ஓட ஓடத் தெளிந்துவிடும். இது வாளி நிரம்பி வழிந்தும் தெளியவில்லை. சமையலறைக் குழாயிலும் அதே நிறம். குளியலறைக் கிளைக் குழாயில் மட்டும் கோளாறு என்றால் சமையலறையில் தெளிவாக வந்திருக்க வேண்டும். ஒரு கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் பிடித்து ஜன்னலில் வைத்தேன். மறுநாள் அடியில் செங்கல் நிறத்தில் வண்டல் தங்கியிருந்தது. மேலே தண்ணீர் தெளிந்திருந்தது. ஐஸ் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தைப் போத்தலின் பக்கவாட்டில் வைத்து இழுத்துப் பார்த்தேன். வண்டலில் ஒரு பங்கு காந்தத்தோடு ஏறி வந்தது. இரும்புத்தூள். தொட்டிதான் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது.

இதை நான் மருமகளுக்கு விளக்கிக்கொண்டே வீட்டுக்குப் பின்னால் போனேன். கொடியில் அக்காவின் கைலி காய்ந்துகொண்டிருந்தது. பின்பக்கத்தில் கையகலத்துக்குப் பழுப்பாக ஒரு கறை. நான் அதை இழுத்துப் பிடித்து, "பாரு, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? தொட்டித் தண்ணியில அலசுனா இப்படித்தான் ஆகும்" என்றேன்.

அக்கா வந்தாள். அந்த வயதில் அவ்வளவு வேகமாக அவள் நடந்து நான் பார்த்ததில்லை. என் கையிலிருந்து கைலியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"பொம்பளைங்க துணில உனக்கு என்னடா வேலை?"

"கறையைப் பாத்தேன், அவ்வளவுதான்."

"ஆமா, அந்தத் தண்ணிதான். போதுமா?"

எனக்குப் போதும். நான் சொன்னதைத்தான் அவளும் சொன்னாள். துருத்தண்ணீரில் அலசிய துணி முழுக்க ஒரே மாதிரி மங்குமே தவிர, ஓரிடத்தில் மட்டும் கறை பிடிக்காது. மருமகளின் வெள்ளைச் சட்டை அப்படித்தான் கழுத்திலிருந்து கை வரைக்கும் மஞ்சளடித்துப் போயிருந்தது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தவன் நான். குவளையைத் தூக்கிப் பார்த்தே குற்றம் சொல்கிறவன். அன்றைக்கு எனக்கு அந்த வித்தியாசம் கண்ணில் படவில்லை.

ஆளைக் கூப்பிட்டுத் தொட்டியைத் திறந்து பார்ப்போம் என்றேன். அக்கா ஒரேயடியாக வேண்டாம் என்றாள். கூரையைப் பிரித்தால் மழை ஒழுகும் என்றாள். தனக்கு இந்தத் தண்ணீரே போதும் என்றாள். பிறகு, "திருவிழா முடியட்டும்டா, அப்புறம் பாப்போம்" என்றாள். அவள் எதற்கும் அப்படிக் கெஞ்சுகிறவள் இல்லை. சரி, வயதாகிவிட்டது, வீட்டில் ஆட்கள் வந்து சுத்தியல் தட்டினால் பிடிக்கவில்லை என்று நினைத்து விட்டுவிட்டேன்.

திருவிழா என்றால் எங்கள் பழைய தோட்டத்து அம்மன் திருவிழா. லைன் வீடுகள் போய்விட்டன, டிஸ்பென்சரி போய்விட்டது, செம்பனைக்கு நடுவில் கோயில் மட்டும் நிற்கிறது. ராசா, அம்பாங்கான், கோலாலம்பூர் என்று சிதறிப் போனவர்கள் ஆடி மாதத்தில் ஒரு நாள் கார்களில் வந்து இறங்குவார்கள். காலையில் கோயிலுக்குப் பின்னாலிருக்கும் கிணற்றில் முதல் குடம் தண்ணீர் சேந்தி வந்து அம்மன் தலையில் ஊற்றினால்தான் மற்றதெல்லாம் தொடங்கும். அந்த முதல் குடம் அக்காவுடையது. கல்யாணம் ஆகாத பெண், மாதத் தூரம் நின்றுபோனவள் என்று பார்த்துக் கோயில்காரர்கள் அந்த உரிமையை அவளுக்குக் கொடுத்தார்கள். கல்யாணமாகாததற்காக ஊரெல்லாம் அவளைப் பார்த்து உச்சுக்கொட்டியது. அந்தக் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தால் எல்லோரும் விலகி வழிவிடுவார்கள். வருஷத்துக்கு ஒரு முறைதான். ஆனால் அதற்காகத்தான் அவள் மற்ற நாட்களையெல்லாம் வாழ்ந்தாள் என்று எனக்குத் தோன்றும்.

அந்த ஆடியில் அவள் குடத்தைத் தொடவில்லை. முட்டி வலிக்கிறது, வேறு யாராவது எடுக்கட்டும் என்றாள். கோயிலுக்குள்ளேயே வரவில்லை. கார் நிறுத்திய இடத்தில், செம்பனை நிழலில், பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வேறொரு பெண் குடத்தோடு போனாள். மேளச் சத்தம் கேட்டதும் அக்கா உட்கார்ந்த இடத்திலேயே கைகூப்பினாள். நான் தீபாராதனைத் தட்டிலிருந்து திருநீறு எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"வேணாம்டா. நீ போ."

"ஏன், சாமியோட என்ன கோவம்?"

"எனக்குக் கோவமா? போடா."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. காலில் வலி என்றால் கை என்ன ஆனது, நாலு பேர் கேட்கிறார்கள், மானம் போகிறது என்று கத்தினேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெயில் அதிகம் என்று நினைத்தேன்.

திருவிழா முடிந்ததும் சொன்னபடி ஆளைக் கூப்பிட்டேன். ஒரு சீனர், என் வயதுக்காரர். கூரைக்குள் ஏறி மின்சாரத்தை அடைத்து, தண்ணீர் வரும் வழியை மூடி, தொட்டியை வடித்தார். காப்பித் தண்ணீர் மாதிரி கொட்டியது. இந்தத் தொட்டிகளுக்குள் ஒரு மெக்னீசியம் கம்பி வைத்திருப்பார்கள். தண்ணீர் முதலில் அந்தக் கம்பியை அரிக்கும். கம்பி தீர்ந்துவிட்டால் தொட்டியை அரிக்கும். அவர் கழற்றிக் காட்டியபோது கம்பி இருந்த இடத்தில் பென்சில் துண்டு அளவுக்கு ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"தங்கி சுடா ரெப்புட் லா, பாஸ்" என்றார். தொட்டி உளுத்துவிட்டது, கம்பியை மாற்றிப் பிரயோசனமில்லை, தொட்டியையே மாற்ற வேண்டும் என்றார். நான் நினைத்ததும் அதுதான். இரண்டு பேரும் கூரையடியில் குந்திக்கொண்டு வெகு நேரம் துருவைப் பற்றிப் பேசினோம். அவ்வளவு சந்தோஷமாக நான் யாரோடும் பேசிப் பல காலம் ஆகியிருந்தது.

புதுத் தொட்டி வந்தது. குழாயைத் திறந்தால் கண்ணாடி மாதிரி சுடுதண்ணீர். வெள்ளை வாளியில் பிடித்து அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஆவி அடங்கும்வரை அந்த வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். குரலில் ஒரு சொட்டுச் சந்தோஷம் இல்லை. மனுஷன் இவ்வளவு பாடுபட்டுச் செய்திருக்கிறான், ஒரு நல்ல வார்த்தை வருகிறதா பார் என்று மருமகளிடம் புலம்பினேன்.

அதன்பின் அக்கா துணிகளை வெளியே காயப்போடவில்லை. தன் அறைக்குள்ளேயே கயிறு கட்டிக் காயப்போட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தபோது மருமகள் அறையைக் கூட்டப் போனாள். போனவள் உடனே திரும்பி வந்தாள். நான் வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்தேன். குழாயை மூடச் சொன்னாள்.

"மாமா, தொட்டி புதுசுதானே?"

"ஆமா, அதுக்கென்ன?"

"தண்ணி சுத்தமாத்தானே வருது?"

"வருது. ஏன்?"

"அத்தை துணில இன்னும் கறை இருக்கு, மாமா. அது தண்ணி இல்ல. ரத்தம்."

அதற்கு மேல் அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கொடியில் நான் இழுத்துப் பிடித்த கைலி என் கண் முன்னால் வந்து நின்றது. நான் ஈரக்கையோடு நின்றேன். உள்ளே போய் அக்காவை எழுப்பிக் கேட்கலாமா என்று நினைத்தேன். ஒரு தம்பி அக்காவிடம் அதை எந்த வார்த்தையால் கேட்பது? மருமகள்தான் போய்க் கேட்டாள். கதவு வெகு நேரம் சாத்தியே இருந்தது.

பெரியாஸ்பத்திரியில் சதையெடுத்துப் பார்த்தார்கள். முடிவு சொல்லும் நாளில் என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் ஒரு மலாய்ப் பெண், சின்ன வயது. மெதுவாக, மரியாதையாகச் சொன்னார். கர்ப்பப்பையில் தொடங்கியது, இப்போது வெளியிலும் பரவியிருக்கிறது. அறுத்தெடுக்கும் கட்டம் தாண்டிவிட்டது. மருந்து கொடுக்கலாம், வலியைக் குறைக்கலாம். பிறகு, இது எப்போதிலிருந்து போகிறது என்று கேட்டார்.

"சித்திரைக்கு முந்தியே" என்றாள் அக்கா.

மருமகள் அதை மலாயில் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அப்போதே வந்திருந்தால் கர்ப்பப்பையை எடுத்துக் காப்பாற்றியிருக்கலாமே, ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்றார்.

அக்கா என் பக்கம் பார்க்காமல் மருமகளிடம் பேசினாள். "தூரம் திரும்பி வந்துருச்சுன்னு நெனச்சேன்மா. நின்னு எத்தனையோ வருஷம் ஆயிருச்சு. கெழவி நான், இதை யாருகிட்ட போய்ச் சொல்றது, வெக்கமா இருந்துச்சு. தீட்டோட கோயிலுக்குள்ள போவ முடியுமா? வீட்டுல வெளக்கும் ஏத்தல, தம்பிக்கே தெரியாது. கோயில் அம்மாதான் என் கையால தண்ணி வேணாம்னு சொல்லிட்டா, குடத்தைப் புடுங்கிக்கிட்டான்னு நெனச்சேன். நான் என்ன தப்பு செஞ்சேன்னு தெரியல. தெனம் அதையே கேட்டுட்டு இருந்தேன்."

சாமி படத்தின் முன்னால் விளக்கு எரியாததையும் நான் கவனிக்கவில்லை. மருமகளால் முழுவதையும் மொழிபெயர்க்க முடியவில்லை, பாதியில் அழுதுவிட்டாள். டாக்டர் காத்திருந்தார். அக்காவே தனக்குத் தெரிந்த தோட்டத்து மலாயில் அவரிடம் கேட்டாள். இது பெண்களுக்கு மாதாமாதம் வருகிற அது இல்லையா என்று கேட்டாள். உறுதியாகத் தெரியுமா என்று மறுபடியும் கேட்டாள்.

"புக்கான், மாச்சிக். இனி பெஞாக்கிட்" என்றார் டாக்டர். இல்லை, அம்மா, இது நோய்.

அக்கா அந்தத் தீபாவளியைப் பார்த்தாள். பொங்கலைப் பார்க்கவில்லை. நடுவில் மருந்தும் வலியும் வாந்தியுமாகப் போன வாரங்களைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அந்த நாளை எழுதாமல் இருக்க முடியவில்லை.

கார் ராசா ஊருக்குள் வந்ததும் அக்கா நிறுத்தச் சொன்னாள். பூக்கடைக்குத் தானே இறங்கிப் போனாள். முட்டி வலி என்று உட்கார்ந்திருந்தவள் கைப்பையை ஆட்டிக்கொண்டு நடந்தாள். மல்லிகைச் சரம் வாங்கினாள், நல்லெண்ணெய் வாங்கினாள், கடைக்காரியிடம் பேரம் பேசிச் சிரித்தாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு யார் மேல் என்று தெரியாமல் கோபம் கோபமாக வந்தது. அம்மன் மேல், அந்தத் தொட்டி மேல், இதையெல்லாம் வெட்கப்பட வேண்டியது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லார் மேலும் வந்தது. என் மேலும் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் தலைக்குக் குளித்தாள். வெகு நேரம் குளித்தாள். குளியலறைக்குள்ளிருந்து ஏதோ பாட்டு முனகும் சத்தம் கேட்டது. ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சாமி படத்தின் முன்னால் வந்து நின்றாள், பழைய திரியை எடுத்துப் போட்டுவிட்டுப் புதுத்திரி இட்டாள், எண்ணெய் ஊற்றினாள், ஏற்றினாள். கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நான் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தேன். சத்தம் வராமல் பார்த்துக்கொண்டேன் என்று நினைத்தேன், அவளுக்குக் கேட்டுவிட்டது.

திரும்பினாள். திருநீற்றை எடுத்து, சின்ன வயதில் பூசுவது போல, என் நெற்றி முழுக்கப் பூசினாள். கண்ணில் விழாமல் கையை மறைத்து ஊதினாள். அவள் முகத்தில் இருந்த நிம்மதியை நான் வேறு எந்த மனுஷ முகத்திலும் பார்த்ததில்லை.

"அழாதடா" என்றாள். "அம்மா என்னை ஒதுக்கல. நல்லவேளை, வெறும் வியாதிதான்."